ஏழு வயசுக்கு எதற்கு வண்டி?

நாகேஷின் டாக்ஸி டிக்கியில் கேஸ் சிலிண்டர் உட்கார்ந்திருக்கிறது. மிச்சமிருக்கும் இடத்தில் இரண்டு பை வைக்கலாம், அமுக்கினால் மூன்று. குழந்தையை உட்காரவைத்துத் தள்ளும் ஸ்ட்ரோலருக்கு இடமே கிடையாது. அதனால் பெங்களூர் ஜோகுபாளையத்தில் கிளம்பியதிலிருந்து மைசூர் ரோடு தீம் பார்க் வாசல் வரைக்கும் அந்தத் தள்ளுவண்டி அவன் தங்கை சுனிதாவின் மடியில்தான் வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் பார்க்கப் போகும் நாளில், கல்யாணப் பெண் மடியில் தள்ளுவண்டியோடு போன கூத்து வேறு எங்காவது நடந்திருக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

"செகண்ட் ஸ்டாண்டர்ட் படிக்கிற பொண்ணு. ஏழு வயசுக்கு எதுக்கு வண்டி? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்றான் நாகேஷ். கெங்கேரி வருவதற்குள் இதையே எத்தனையாவது தடவையாகக் கேட்கிறானோ.

"பார்க்கிறவங்க வந்து தூக்குவாங்களா?" என்றாள் அவன் மனைவி வீணா. "பதினோரு மணி வரைக்கும் உங்க பொண்ணு மான்குட்டி. அதுக்கப்புறம் 'அப்பா தூக்கு, அப்பா தூக்கு'. போன தடவை தூக்கிட்டு, இடுப்புல பெல்ட் கட்டிக்கிட்டு டாக்ஸி ஓட்டினது யாரு? நானா?"

நாகேஷ் ஹாரன் அடித்தான். முன்னால் வண்டி எதுவும் இல்லை.

இடுப்பு வலியெல்லாம் வீணா வெளியே சொல்லும் காரணம். உள்ளே இருப்பது வேறு. போன கார்த்திகையில் பசவனகுடி கடலைக்காய்ப் பரிஷைத் திருவிழாக் கூட்டத்தில் மகள் ரக்ஷாவின் கை நழுவிவிட்டது. திரும்பிப் பார்த்தால் குழந்தை இல்லை. கடைசியில் ஒரு கடலைக்காய்க் குவியல் பக்கத்தில், கடைக்காரம்மா கொடுத்த கடலையை உரித்துத் தின்றுகொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அந்தக் கால் மணி நேரம் வீணா பட்ட பாடு இருக்கிறதே, அதை அவள் யாரிடமும் பேசமாட்டாள். கூட்டம் என்றால் வண்டி, வண்டி இல்லையென்றால் கூட்டமே வேண்டாம் என்பது அன்றைக்குப் பிடித்த பிடிவாதம்.

"அம்மா, என் கிளாஸ் பசங்க யாராச்சும் பார்த்தா என்னைக் கிண்டல் பண்ணுவாங்க. நான் உட்காரவே மாட்டேன்" என்றாள் ரக்ஷா.

"உட்காராதே. பையாவது உட்காரட்டும்" என்றாள் வீணா.

சரி, விட்ட இடத்திலிருந்து சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். சுனிதாவுக்கு முப்பத்திரண்டு வயசு. ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. ஊசி குத்தினால் வலி தெரியாது, பேசினால்தான் தெரியும் என்று லேபிலேயே ஒரு பேச்சு உண்டு. இதுவரை வந்த மூன்று இடமும் ஒரே காரணத்தைச் சொல்லித்தான் தட்டிப்போனது: பொண்ணு தங்கம், வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி.

நாலாவதாக வந்தது ரகுராம். மெட்ரோ ரயில் பராமரிப்பில் டெக்னீஷியன், மர்ஃபி டவுன் வீடு. அவன் அம்மா பாஞ்சாலி போன வாரம் தரகர் மூலமாக ஒரு நிபந்தனை போட்டார். "பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் வேண்டாம். பட்டுச் சேலை கட்டித் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்தா எல்லாப் பொண்ணும் மகாலட்சுமிதான். வெயில்ல, கூட்டத்துல வெச்சுப் பார்க்கணும். அப்பத்தான் குணம் தெரியும்."

அதனால்தான் இந்த ஏற்பாடு. இரண்டு குடும்பமும் ஒரே ஞாயிற்றுக்கிழமை அதே தீம் பார்க்குக்குப் போவது. காலையில் அவரவர் பாட்டுக்கு விளையாடுவது. சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய கேன்டீனில், தற்செயலாகச் சந்திப்பதுபோல் சந்திப்பது.

சுனிதாவுக்கு இந்த இடம் வேண்டும். அதை வெளியே சொல்லவில்லை, ஆனால் வேண்டும். ரகுராமோடு போனில் பேசியபோது, "சமைப்பீங்களா?" என்று கேட்டாள். "உப்புமா பண்ணுவேன். கட்டி கட்டியா வரும். முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் ஏமாத்திட்டேன்னு சொல்லக்கூடாது" என்றான். லேபில் நின்று அவள் சிரித்த சிரிப்பில், ரத்தம் கொடுக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்த பெரியவர் மிரண்டு கையை இழுத்துக்கொண்டார். அன்றைக்கே மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

வண்டியை இறக்கும்போது வீணா நாத்தனாரின் காதில் சொன்னாள்:

"சுனிதா, இன்னைக்கு ஒரு நாள் அந்த வாய்க்கு லீவு குடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"ரக்ஷா தலைமேல வேணா சத்தியம் பண்றேன் அண்ணி."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம்மா தாயே. நீ எங்க காப்பாத்தப் போற!"

காலையில் ரக்ஷா மான்குட்டியேதான். சறுக்குமரம், ராட்டினம், மேலேயிருந்து வாளி கவிழ்ந்து தண்ணீர் கொட்டும் இடம் என்று ஒன்று விடவில்லை. வண்டியில் டவலும் மாற்றுத்துணியும் ஜோராகச் சவாரி செய்தன. பின்னால் தள்ளிக்கொண்டு வந்த நாகேஷ், தெரிந்தவர் யாராவது வருகிறார்களா என்று திருடன் மாதிரி பார்த்துக்கொண்டே வந்தான்.

வெயில் உச்சிக்கு ஏறியது. ரக்ஷா நின்றாள். வண்டியைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள்.

"அத்தை, அந்தப் பையெல்லாம் கொஞ்சம் எடுத்துடேன்."

"எதுக்குடி?"

"சும்மாதான்."

உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்தன. தொப்பியை மூக்கு வரைக்கும் இறக்கிக்கொண்டாள். கிளாஸ் பசங்க பார்த்தால் ஆளே தெரியக்கூடாதாம்.

நாகேஷும் வீணாவும் சாப்பாட்டுக் கூப்பன் வாங்க வரிசையில் நிற்கப் போனார்கள். வண்டி சுனிதாவின் கைக்கு வந்தது. அந்த நேரம் பார்த்தா அலைக்குளத்தில் அலையை நிறுத்த வேண்டும்? உள்ளே இருந்த அத்தனை ஜனமும் ஈரத்தோடு ஒரே மூச்சில் வெளியே வந்தது. முன்னால் போக முடியாது, பின்னால் வர முடியாது. யாரோ முதுகில் இடித்தார்கள். வண்டி ஒரு அடி ஓடிப்போய் முன்னால் நடந்துகொண்டிருந்த ஒரு அம்மாவின் குதிகாலில் நச்சென்று மோதியது.

"ஏன்ரீ! கண்ணு காணல்வா?"

கண் தெரியவில்லையா என்று கன்னடத்தில் கத்தித் திரும்பிய அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். சுடிதார் பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேலே மடித்துவிட்டு, தலையில் டவலைச் சுற்றியிருந்தார். கையில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பையன். அவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தூரத்தில் தெரிந்த கடையைக் காட்டி, "ஐஸ்கிரீம், ஐஸ்கிரீம்" என்று கையை இழுத்துக்கொண்டிருந்தான்.

"சாரி ஆன்ட்டி, கொத்தாக்லில்லா" என்றாள் சுனிதா பணிவாக, தெரியாமல் பட்டுவிட்டது என்ற அர்த்தத்தில். வாய்க்கு லீவு அல்லவா.

அந்த அம்மா குனிந்து குதிகாலைத் தடவிக்கொண்டார். நிமிரும்போது வண்டிக்குள் பார்த்தார். மடங்கிக் கிடந்த நீளக் காலைப் பார்த்தார். அவ்வளவுதான், கன்னடம் கடகடவென்று கொட்டியது.

இத்தனை பெரிய பெண்ணையா வண்டியில் வைத்துத் தள்ளுவது? கால் இல்லையா அவளுக்கு? இதோ என் பேரன், ஆறு வயசு, காலையிலிருந்து நடக்கிறான். நடக்கிற பிள்ளைக்கு வண்டி கொடுத்துக் கெடுப்பதுதான் இப்போதைய நாகரிகமா?

சுனிதா பல்லைக் கடித்துக்கொண்டாள். கால் வலிக்காக இல்லை ஆன்ட்டி, கூட்டத்தில் ஒரு தடவை தொலைந்துபோன குழந்தை, அந்தப் பயம்தான் என்று கன்னடத்திலேயே சொல்லிப் பார்த்தாள்.

"கையைப் பிடிச்சுக்கிட்டா எப்படித் தொலையும்? கடவுள் எதுக்குக் கை குடுத்திருக்கார்? பெத்தவ சோம்பேறியா இருந்தா வண்டிதான் வேணும்" என்ற அர்த்தத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு, அந்த அம்மா பேரனை இழுத்துக்கொண்டு நடந்தார்.

பெற்றவள் சோம்பேறி! வீணா அண்ணியா? காலையில் மூன்று வீட்டுக்குச் சமைத்துக்கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து தன் சமையலையும் முடிக்கும் அண்ணியா சோம்பேறி? சுனிதாவுக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது.

பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழர்கள் ஆயுசில் ஒரு தடவையாவது செய்யும் தப்பு ஒன்று உண்டு. கன்னடத்தில் மரியாதையாகச் சண்டை போட்டுவிட்டு, கடைசி வரியை மட்டும் தமிழில் முணுமுணுப்பது. எதிராளிக்குப் புரியாது என்ற தைரியம். பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரில் பாதிப் பேர் தமிழ்தான் என்று தெரியும். தெரிந்தும் செய்வோம். சுனிதாவும் செய்தாள்.

"இந்தம்மா வீட்டுக்கு மருமகளா வரப்போறவ யாரோ, பாவம்!"

அந்த அம்மா நின்றார். கழுத்தை மட்டும் திருப்பி, சுனிதாவின் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சொட்டச் சொட்ட நனைந்த டீ-ஷர்ட், கையில் வண்டி என்று தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு பார்வை பார்த்தார். பின்னால் வந்த கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

"அத்தை, அந்தப் பாட்டிக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா சும்மா போவாங்களா? நீ பேசாம உட்காரு."

மனசு ஆறவில்லை. யாரிடமாவது கொட்டியாக வேண்டும். கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிய போனை எடுத்து ரகுராமுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். "இன்னைக்கு நான் வாயே திறக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன். ஒரு அம்மா வந்து மாட்டினாங்க பாருங்க!" என்று ஆரம்பித்து, 'ஏன்ரீ, கண்ணு காணல்வா' என்பதை அந்த அம்மாவின் குரலிலேயே, மூக்கால் இழுத்துப் பேசிக்காட்டினாள். மிமிக்ரியில் அவளை மிஞ்ச லேபில் ஆள் கிடையாது. மெசேஜ் போய்ச் சேர்ந்தது. ஆனால் அவன் போனை லாக்கரில் வைத்திருப்பதாகக் காலையிலேயே சொல்லியிருந்தான். அப்புறமாகக் கேட்டுச் சிரிக்கட்டும்.

சாப்பாடு முடிந்து, உடை மாற்றி, தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு சுனிதா கேன்டீனில் உட்கார்ந்தபோது பாதி அழகும் பாதிப் பதற்றமுமாக இருந்தாள். சொன்ன நேரம் தாண்டியும் மாப்பிள்ளை வீட்டாரைக் காணோம்.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. கேசவ் என்று ஒரு பையன், ஆறு வயசு, மஞ்சள் தொப்பி. அலைக்குளத்துப் பக்கம் காணாமல் போயிருக்கிறான். பார்த்தவர்கள் உடனே தகவல் சொல்லவும்.

சுனிதாவின் கையிலிருந்த காபி மேஜைக்குப் போனது. "அண்ணி, அந்தப் பையனை நான் பார்த்தேன்."

வீணா முகம் வெளுத்து, வண்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பரிஷைக் கூட்டம் அவள் கண்ணுக்குள் வந்து நின்றது சுனிதாவுக்குப் புரிந்தது. கையைப் பிடித்தால் போதும் என்று சொன்ன அந்த அம்மா இப்போது எப்படி ஓடிக்கொண்டிருப்பார்? நன்றாக வேண்டும் என்று நினைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

ரக்ஷா உட்கார்ந்திருந்த வண்டியை அண்ணியின் கையிலிருந்து வாங்கி, அப்படியே தள்ளிக்கொண்டு சுனிதா கேன்டீன் வாசலுக்கு ஓடினாள். அங்கே நின்ற செக்யூரிட்டியிடம், "அண்ணா, அந்தப் பையன் ஐஸ்கிரீம் கேட்டு அடம் பிடிச்சிட்டிருந்தான். அலைக்குளத்துக்கு எதிர்ல இருக்கிற ஐஸ்கிரீம் கடையில பார்க்கச் சொல்லுங்க" என்றாள். அவர் வாக்கி-டாக்கியில் சொன்னார். சற்று நேரத்தில் பதில் வந்தது. பையன் அங்கேதான் இருக்கிறானாம். சமர்த்தாக வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் வெனிலா கேட்டிருக்கிறானாம்.

சுனிதா மூச்சு விட்டுத் திரும்பி வந்து, அண்ணியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். காபி ஆறிப்போயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் ரகுராம் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, ஈரத் தலை. போட்டோவில் இருந்ததைவிட ஒல்லி, போனில் கேட்டதைவிட நல்ல சிரிப்பு.

"மன்னிச்சுக்கோங்க. அக்கா பையன் கொஞ்ச நேரம் காணாம போயிட்டான். அம்மா இன்னும் நடுங்கிட்டிருக்காங்க. இதோ வர்றாங்க."

அவன் பின்னாலிருந்து, தோளில் தூங்கும் பேரனோடு, மடித்துவிட்ட பேன்ட்டோடு, லேசாக நொண்டிக்கொண்டு வந்தார் பாஞ்சாலி.

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது சுனிதாவுக்கு. தொப்பியும் கண்ணாடியும் இப்போது இல்லை, ஒருவேளை அடையாளம் தெரியாதோ என்று ஒரு நப்பாசை. ஆனால் வண்டி இருந்தது. அதில் ரக்ஷா இருந்தாள்.

"அம்மா, இவங்கதான் சுனிதா."

பாஞ்சாலி வண்டியைப் பார்த்தார். சுனிதாவைப் பார்த்தார். "தெரியும்" என்றார், சுத்தமான தமிழில்.

ரகுராமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த வாய் எங்கோ வேலை காட்டிவிட்டது என்று வீணா நாத்தனாரின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிக்கொண்டாள். மேஜைக்கு அடியில் காலை மிதித்து, ஐஸ்கிரீம் கடை விஷயத்தைச் சொல்லேன் என்று கண்ணால் கெஞ்சினாள். சுனிதா மாட்டேன் என்று தலையசைத்தாள். தப்பித்துக்கொள்வதற்காகச் சொன்னதுபோல் ஆகிவிடும். நாள் முழுக்க லீவு கொடுக்க வேண்டிய வாய்க்கு இப்போதாவது கொடுப்போம் என்று உட்கார்ந்துவிட்டாள்.

நாகேஷ் நிலைமையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தான். "நான்கூட வேண்டாம்னுதாம்மா சொன்னேன். ஏழு வயசுக்கு எதுக்கு வண்டின்னு."

"கையைப் பிடிச்சா போதும்னு நான்கூடத்தான் சொன்னேன்" என்றார் பாஞ்சாலி. தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "சோப்புக் கட்டி மாதிரி வழுக்கிக்கிட்டுப் போயிடுச்சுப்பா இவன் கை. உசுரே போயிடுச்சு எனக்கு."

ரக்ஷா தொப்பியைத் தூக்கிப் பார்த்தாள். வண்டியிலிருந்து கீழே குதித்தாள்.

"இவனைப் படுக்க வைங்க பாட்டி. நான் நடப்பேன். எனக்கு ஏழு வயசாச்சு."

பார்க்கிங் வரைக்கும் நீள நடை. கேசவ் வண்டியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். தள்ளியது சுனிதா, அவளுக்கு ஒரு அடி முன்னால் பாஞ்சாலி. மற்றவர்கள் பின்தங்கிவிட்டார்கள். வீணா வேண்டுமென்றேதான் பின்தங்கினாள்.

"மெதுவா தள்ளு. முன்னாடி என் குதிகால் இருக்கு."

"சரிங்கம்மா."

"செக்யூரிட்டி சொன்னான். பெரிய பொண்ணை வண்டியில வெச்சுத் தள்ளிக்கிட்டு வந்த அக்கா ஒருத்தங்கதான் ஐஸ்கிரீம் கடையைக் காட்டிக் குடுத்தாங்கன்னு. இந்தப் பார்க்குலேயே அப்படி ஒருத்திதான் இருக்கா." பாஞ்சாலி திரும்பினார். "அதை ஏன் உள்ள சொல்லலை? உனக்குத்தான் நல்லா பேச வருமே."

"அண்ணி இன்னைக்கு வாய்க்கு லீவு குடுக்கச் சொன்னாங்க."

"லீவு நாள்லேயே அவ்வளவு பேச்சா!"

சுனிதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது. "தப்புதாங்கம்மா. அண்ணியைச் சொன்னதும் பொறுக்கலை."

பாஞ்சாலி கார்க் கதவைத் திறந்து பேரனைப் பின் சீட்டில் கிடத்தினார். வண்டியை மடக்கி அவன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார், கேட்கவே இல்லை.

"இது என்கிட்ட இருக்கட்டும். யாரோ பாவம்னு சொன்னியே, அந்தப் பாவத்தை வர்ற ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வந்து இந்த வண்டியை வாங்கிட்டுப் போகச் சொல்லு. உன் அண்ணியையும் கூட்டிக்கிட்டு வா. நான் அவகிட்ட ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு."

கார் கிளம்பியது. ரகுராம் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தது தெரிந்தது. சுனிதா அங்கேயே நின்று வீணாவைக் கட்டிக்கொண்டாள். நாகேஷ் எதற்கென்று தெரியாமலே கைதட்டினான்.

டாக்ஸியில் இப்போது மடி காலி. ரக்ஷா அதில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். கெங்கேரி தாண்டும்போதுதான் சுனிதாவுக்கு அந்த வாய்ஸ் மெசேஜ் ஞாபகம் வந்தது. மூக்கால் இழுத்த அந்த மிமிக்ரி! பதறிப்போய் அழித்துவிடப் போனை எடுத்தாள்.

மைக் அடையாளம் நீலமாகியிருந்தது. கேட்டாகிவிட்டது. கார் ஓட்டிக்கொண்டே கேட்டிருப்பான், ஸ்பீக்கரில் போட்டு. கீழே பதிலாக ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்து உட்கார்ந்திருந்தது.

தொடவே பயமாக இருந்தது. ரக்ஷாதான் விரலை நீட்டி அமுக்கினாள்.

முதலில் ஹாரன் சத்தம். பிறகு ரகுராம் சிரிப்பை அடக்க முடியாமல் இருமும் சத்தம். அதற்குப் பிறகு பாஞ்சாலியின் குரல்.

"மூக்கு கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு. ஞாயித்துக்கிழமை என் எதிர்ல நின்னு இன்னொரு தடவை பேசிக் காட்டு. அப்புறம்தான் முடிவு."

சிரித்துக்கொண்டு சொன்னாரா, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாரா? திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டும் சுனிதாவுக்குப் பிடிபடவில்லை.